ஏழாவது தேன்பெட்டி

"உங்க தேன்பெட்டிக்கெல்லாம் மீசை முளைச்சிருக்கு, மேடம்" என்றேன்.

துப்பறியும் மிஸ் ஹாரியட் குவென்னல் தலை நிமிரவில்லை. சாட்சிக் கூண்டில் பேச வேண்டியதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை ஹெர்ஃபோர்டு நீதிமன்றத்தில் நெட் ப்ராஸர் மீது கொலை வழக்கு. வென்லோ எஸ்டேட்டின் முதலாளி சர் காட்ஃப்ரியை ஏரி மதகில் தள்ளிக் கொன்றது அவருடைய காட்டுக்காவல்காரன் நெட்தான் என்று கண்டுபிடித்துக் கொடுத்தது மேடம். பக்கத்தில் நின்று பெருமைப்பட்டது நான். பெயர் வில்ஃப் டிரான்டர். ஆறு வருஷமாக அவருடைய உதவியாளன், காரோட்டி, டீ போடுபவன், யாரும் கேட்காமலே ஓவிய விமர்சகன்.

அன்றைக்கு விமர்சனத்துக்கு அகப்பட்டது மேடமே வரைந்த வென்லோ எஸ்டேட் வாட்டர்கலர். எட்டு வாரமாக எங்கள் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. ஏரி, அதற்கு அப்பால் புல்வெளி, செங்கல் மாளிகை, வலது ஓரத்தில் ஆப்பிள் தோட்டம், மரத்தடியில் வரிசையாக ஏழு வெள்ளைப் பெட்டிகள். சர் காட்ஃப்ரி செத்த அதே சனிக்கிழமை, சாவு யாருக்கும் தெரிவதற்கு முன்பு, மேடம் அனுமதி வாங்கிப் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைந்தது. மூன்றே முக்கால் ரயிலில் லண்டன் திரும்பிவிட்டார். மறுநாள் காலையில்தான் மதகுக்குக் கீழே சர் காட்ஃப்ரி மிதந்தார்.

"மீசை இல்ல, நிழல்" என்றார் மேடம். "அங்கே என்னமோ கருப்பா இருந்துச்சு, வரைஞ்சேன். தூசி தட்டுறதுன்னா தட்டு, இல்ல டீ போடு."

தூசித் துணியோடு மூக்கைப் படத்தில் ஒட்டினேன். ஐந்து பெட்டிகளின் நடுவில் கருப்புப் பட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு. முடிச்சின் வால் புல் வரை தொங்குகிறது.

துணியைக் கீழே வைத்தேன். எட்டு வாரமாக இந்தப் படத்தைத் தினம் துடைக்கிறேன். தினம் ஒரு கிண்டல் செய்கிறேன். ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டே? இன்னும் ரெண்டு நக்கல் பாக்கி இருக்குமே."

"மேடம், நீங்க லண்டன்ல பிறந்தவங்க. தேன் கடை ஜாடியிலேயே விளையுதுன்னு நினைக்கிறவங்க. நான் ஷ்ராப்ஷயர் கிராமத்துக்காரன். இது துக்கத் துணி. எங்க பக்கத்துல வீட்டு எஜமான் செத்தா முதல்ல தேனீக்குச் சொல்லணும். வீட்டுச் சாவியால பெட்டியை மூணு தட்டு தட்டி, 'உங்க எஜமான் போயிட்டாரு'ன்னு சொல்லி, கருப்புத் துணி கட்டணும். சொல்லாம விட்டா தேனீ கோவிச்சுக்கிட்டுப் போயிடும், இல்லேன்னா செத்துடும். எங்கப்பா செத்தப்போ டாக்டருக்குச் சொல்றதுக்கு முன்னாடி எங்கம்மா தேனீகிட்டதான் ஓடினாங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து படத்தின் மூலையைப் பார்த்தார். அவருக்கு ஒரு பழக்கம். நிழல் நகர்ந்துவிடும் என்பதால் வரைந்த நேரத்தைப் பென்சிலில் குறித்து வைப்பார். '2.30, செப்டம்பர் 19' என்று இருந்தது.

"ரெண்டரை மணிக்கே யாரோ அவருக்குத் துக்கம் கொண்டாடியிருக்காங்க" என்றார்.

"நெட் அன்னிக்கு நாலு மணி வரைக்கும் லெம்ஸ்டர் ஆட்டுச் சந்தையில இருந்தான், மேடம். ஊரே பார்த்திருக்கு."

"அஞ்சு மணிக்கு சர் காட்ஃப்ரியோட ஆபீஸ் அறை வாசல்ல நின்னு கத்தினான். வேலைக்காரப் பொண்ணு பார்த்தா. அதுக்கப்புறம் அஞ்சரைக்கு மதகுல வச்சுத் தள்ளிட்டான்னு சொன்னேன். அவன் தினம் ரோந்து போற மதகுகிட்ட கிடந்த கைத்தடியை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்." குரல் தேய்ந்தது. "அவன் யார்கிட்ட கத்தினான், வில்ஃப்?"

"சாத்தின கதவுகிட்ட."

பிறகு நான் வக்கீல் வேஷம் போட்டேன். யாராவது போட்டாக வேண்டும். "கருப்பை நீங்க அப்புறமா பூசியிருக்கலாமேன்னு கேப்பாங்களே?"

"பார்." விரலால் முடிச்சின் வாலைத் தொட்டார். "கருப்பு கசிஞ்சு பச்சைக்குள்ள ஓடியிருக்கு. புல்லு ஈரமா இருக்கும்போதே வச்ச கருப்பு. காய்ஞ்ச தாள்ல வச்சா ஓரம் கத்தி மாதிரி நிக்கும். அங்கே உட்கார்ந்தப்போதான் வச்சிருக்கேன். கண்ணு பார்த்துச்சு, கை வரைஞ்சுது. நான் மட்டும் பார்க்கல."

ஹெர்ஃபோர்டு இன்ஸ்பெக்டருக்கு டெலிபோன் போட்டார். அந்த மனுஷன் சிரித்தது எனக்கே கேட்டது. "நீங்களே பிடிச்ச ஆளு, நீங்களே வரைஞ்ச படம், இப்ப நீங்களே காப்பாத்தப் பாக்குறீங்க. ஜூரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. துணி கட்டினவங்களைக் கூட்டிட்டு வாங்க, பேசலாம்."

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். நெட் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் அவ்வளவுதான் இருந்தது. படத்தைச் சட்டத்தோடு கழற்றிப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்தேன்.

வழியில் ஒரு கிண்டல்கூட வாயில் வரவில்லை. மேடமும் கேட்கவில்லை.

மத்தியானம் வென்லோ வந்து சேர்ந்தோம். எஸ்டேட் வாசலில் இருக்கிற சின்ன வீட்டில் குடியிருப்பது நெட்டின் மனைவி நெஸ்டா. கார் வந்தால் இரும்புக் கதவைத் திறந்துவிடுவது அவள் வேலை. எங்கள் காரைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் திறந்தாள். முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். மேடம் கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மறுபடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் காரை நகர்த்தினேன்.

சமையலறையில் மிஸஸ் பெடோஸ் கிறிஸ்துமஸ் புட்டிங் பிசைந்துகொண்டிருந்தார். மாளிகையின் வீட்டு நிர்வாகி. முப்பது வருஷ சர்வீஸ். தேனீயும் அவர் பொறுப்புதான். விதவையானதிலிருந்து தலை முதல் கால் வரை கருப்புதான் உடுத்துவார்.

மேடம் போர்வையை விலக்கிப் படத்தை மாவுப் பலகைமேல் வைத்தார். "இதுல கருப்பா இருக்கே, என்னன்னு சொல்லுங்க."

மிஸஸ் பெடோஸின் கரண்டி நின்றது. உலர்ந்த திராட்சை ஒன்று அதிலிருந்து மெல்ல வழுக்கி விழுந்தது.

"நான்தான் கட்டினேன்" என்றார்.

"அப்போ ரெண்டரை மணிக்கே பெரியய்யா செத்தது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

மிஸஸ் பெடோஸ் ஏப்ரனில் கையைத் துடைத்தார். இரண்டு கையையும் எங்கள் முன்னால் நீட்டினார். "தள்ளினதும் நான்தான்னு வச்சுக்கங்க. கூட்டிட்டுப் போங்க."

"வச்சுக்கிறதுக்கு அது என்ன ஊறுகாயாம்மா?" என்றேன் நான். "பெரியய்யா ஆறடி உசரம். நீங்க தள்ளினா நீங்கதான் விழுந்திருப்பீங்க."

"வில்ஃப்" என்றார் மேடம், அதட்டலாக. பிறகு அந்த அம்மாவிடம் மெதுவாக, "பெட்டிங்களைக் காட்டுங்க" என்றார்.

ஆப்பிள் தோட்டத்தில் இலையெல்லாம் கொட்டி வெறும் கிளை நின்றது. குளிருக்கு ஒடுங்கிப் பெட்டிக்குள் தேனீக்கள் மெல்ல ரீங்கரித்தன. படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எல்லாம் படத்தில் துணி கட்டிய பெட்டிகள். ஆறாவதில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. மூடியைத் தூக்கினால் காலி மெழுகுக்கூடு. ஒரு ஈ கிடையாது.

"ஆறாவதுக்குத் துணி கட்டலையே, ஏன்?" என்றார் மேடம்.

"துணி தீர்ந்துடுச்சு."

கொட்டகை அலமாரியில் இருந்த தகர டப்பாவை நான் ஏற்கெனவே திறந்துவிட்டேன். மடித்து வைத்த கருப்புத் துணித் துண்டுகள் ஆறு. "பத்தலைன்னு சொல்ல முடியாதேம்மா. முப்பது வருஷம் தேனீ வளர்த்தவங்க நீங்க. வீடே பத்தி எரிஞ்சாலும் ஒரு பெட்டியை மட்டும் விட்டுட்டு வருவீங்களா?"

அந்த அம்மா டப்பாவை வாங்கி மூடினார்.

"சரி, ஏழாவது பெட்டி எங்கே?" என்று படத்தைக் காட்டினேன். "இங்கே பாருங்க, ஏழு இருக்கு."

"ஏழா? இங்கே என்னைக்குமே ஆறுதான்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேடம் என் கையிலிருந்து படத்தை வாங்கினார். ஏரிக்கு அக்கரையில் தான் அன்று உட்கார்ந்த வில்லோ மரத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் மரத்தைப் பார்த்தார். பிறகு ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அது பெட்டி இல்ல, வில்ஃப்."

"பின்னே?"

"நான் வாட்டர்கலர்ல வெள்ளைப் பெயிண்ட் பூசறதே இல்ல. வெள்ளை வேணும்னா தாளை அப்படியே விட்டுடணும். சுத்திப் பூசிக்கிட்டே வந்து, அந்த இடத்தை மட்டும் விட்டு வைக்கணும். ஆறாவது பெட்டிகிட்ட வெள்ளை உடுப்புல ஒரு ஆளு நின்னான். இடம் விட்டேன். முகம், கை, கால் எல்லாம் கடைசியா போடலாம்னு நினைச்சேன். அப்புறம்..." நிறுத்தினார். "எனக்கு ஆளு வரையத் தெரியாதுன்னு நீ எப்பவும் சொல்வியே."

சொல்வேன்தான். அவர் வரைகிற மனுஷர்களெல்லாம் முள்ளங்கி மாதிரி இருக்கிறார்கள் என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை வரைந்திருப்பார். அந்த நினைப்பு இன்றைக்கும் என்னை விடவில்லை.

"ஆளை விட்டுட்டேன்" என்றார் மேடம். "கை கால் கோணலா வந்துடுமேன்னு பயந்து, அந்த ஆளையே விட்டுட்டு ரயிலேறிட்டேன்."

செப்டம்பர் சனிக்கிழமையில் இங்கிலாந்து கிராமத்தில் ஒரு ஆண்பிள்ளை தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். அன்றைக்கு ஊரில் சீசனின் கடைசி கிரிக்கெட் மேட்ச். எஸ்டேட் வாரிசு, சர் காட்ஃப்ரியின் மகன் ரோலண்ட், நாள் பூராவும் மேட்சில் இருந்தான் என்று போலீஸ் எழுதி வைத்திருந்தது. நாங்களும் நம்பினோம்.

"எத்தனை ரன் எடுத்தீங்க, சின்னையா?" என்றார் மேடம். திரும்பாமலேயே கேட்டார். ஈரப் புல்லில் பூட்ஸ் சத்தம் எனக்குக் கேட்பதற்கு முன்பே அவருக்குக் கேட்டிருக்கிறது.

ரோலண்ட் வேலிப் பக்கத்தில் நின்றிருந்தான். இருபத்து நான்கு வயது. தொப்பி இல்லை. எட்டு வாரத்தில் கழுத்து மெலிந்து, சட்டைக் காலர் வளையம் மாதிரி நின்றது.

"முட்டை" என்றான். "ரெண்டாவது பந்துலேயே அவுட்."

"மத்தவங்க?"

"மூணரை வரைக்கும் ஆடினாங்க."

அவுட்டாகிப் போனவனை எந்த ஊரில் யார் தேடுகிறார்கள்? மர நிழலில் தூங்குகிறான் என்று விட்டுவிடுவார்கள். எத்தனை மேட்சில் முட்டை போட்டுவிட்டு நானே சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

"சின்னையா, வாயை மூடுங்க!" என்று மிஸஸ் பெடோஸ் கத்தினார். "நான்தான்னு சொல்லியாச்சு. நீங்க உள்ளே போங்க."

"போதும் பெடோஸ்" என்றான் அவன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவான். "நீ சுமந்தது போதும்."

வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "வீட்டுக்கு வந்துட்டேன். அப்பா மதகுகிட்ட நின்னாரு. எத்தனை ரன்னுன்னு கேட்டாரு. சொன்னேன். சிரிச்சாரு. ரன்னுக்காகச் சிரிக்கல. நான் செஞ்ச எல்லாத்துக்கும் சேர்த்து, பொறந்ததுக்கும் சேர்த்துச் சிரிச்சாரு. நெஞ்சுல கை வச்சுத் தள்ளினேன். ஒரு தள்ளுதான். கல்லுல தலை பட்டுது. தண்ணிக்குள்ள போயிட்டாரு."

"உடனே இங்கே வந்தீங்களா?"

"அம்மா செத்தப்போ எனக்கு ஏழு வயசு. யாரும் தேனீக்குச் சொல்லல. அடுத்த மாசத்துக்குள்ள எல்லாப் பெட்டியும் காலி. அம்மா போனதைவிட அதுக்குத்தான் அதிகமா அழுதேன்னு பெடோஸ் சொல்வா. அன்னிக்கு எனக்கு வேற எதுவும் தோணல. சாவியை எடுத்துட்டு ஓடி வந்தேன். ஒவ்வொண்ணையும் தட்டினேன். உங்க எஜமான் செத்துட்டாரு, நான்தான் தள்ளினேன்னு சொன்னேன். அதுங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது."

"சாவி ஆணியில இல்ல" என்றார் மிஸஸ் பெடோஸ். இப்போது அழுதுகொண்டிருந்தார். "தேடிட்டு வந்தேன். செடி மறைவுல நின்னு கேட்டுட்டேன். அவரு போனதும் எல்லாத் துணியையும் அவுத்து டப்பாவுல போட்டேன். நெட்டைப் பிடிச்சுட்டுப் போனதுல இருந்து தினமும் நெஸ்டாவுக்கு ரொட்டி சுட்டு அனுப்புறேன், மேடம். தினமும். அவ 'நீங்க எவ்வளவு நல்லவங்க'ன்னு சொல்லி அனுப்புவா."

"ஆறாவது பெட்டி?" என்றார் மேடம்.

ரோலண்ட் முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தான்.

"கட்டப் போனேன். நிமிர்ந்தேன். அக்கரையில நீங்க. கை அசைச்சீங்க."

மேடம் தன் கையைப் பார்த்தார். கை அசைத்தது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அழகான மத்தியானம், அழகான தோட்டம், யாரோ ஒரு வெள்ளைச் சட்டைப் பையன். மரியாதைக்கு ஒரு கையசைப்பு.

"நீங்க பார்த்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்றான். "துணியைப் போட்டுட்டு ஓடினேன். மேட்ச்ல போய் ஃபீல்டிங் பண்ணினேன். ராத்திரி பூரா போலீஸ் வரும்னு காத்திருந்தேன். வரல. நீங்க துப்பறியறவங்கன்னு தெரிஞ்சதும், வக்கீலை விட்டு உங்களுக்குக் கடுதாசி போடச் சொன்னது நான்தான்."

"நீங்களா என்னைக் கூப்பிட்டீங்க?"

"நானா போய்ச் சொல்றதுக்குத் தைரியம் இல்ல. நீங்க வந்து 'அன்னிக்கு உன்னைப் பார்த்தேனே'ன்னு கேட்டா ஒத்துக்கலாம்னு இருந்தேன். நாலு நாள் இந்த வீட்டுல இருந்தீங்க. தினமும் என் எதிர்ல உட்கார்ந்து டீ குடிச்சீங்க. தினமும் இன்னிக்குக் கேப்பாங்க, இன்னிக்குக் கேப்பாங்கன்னு இருந்தேன். நீங்க நெட்டோட தடியைக் கொண்டுவந்து மேஜைமேல வச்சீங்க." வேலிக் கம்பத்தை விட்டான். "அதுக்கப்புறம் சும்மா இருந்தது முழுக்க முழுக்க என் தப்பு. அது உங்க தப்பு இல்ல."

"பாதி என்னுது" என்றார் மேடம்.

அவன் மறுக்கவில்லை.

வீட்டிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு டெலிபோன் செய்தோம். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ரோலண்டை நாங்களே கூட்டிவருவதாகச் சொன்னோம். கிளம்பும் முன் அவன் ஒன்றே ஒன்று கேட்டான். மிஸஸ் பெடோஸ் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். ஐந்து பெட்டியையும் தட்டி, தான் போவதையும் இனிமேல் பெடோஸ்தான் பார்த்துக்கொள்வாள் என்பதையும் சொன்னான். காலியான ஆறாவதையும் தட்டினான். அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றான்.

ரோலண்ட் பின் சீட்டில். படம் என் பக்கத்தில். வாசலுக்கு வந்ததும் நெஸ்டா வீட்டிலிருந்து வெளியே வந்தாள். மேடம் கார் நிற்பதற்குள் இறங்கிவிட்டார். அவள் கதவைத் தொடும் முன் தானே போய்த் தாழ்ப்பாளை இழுத்தார். துருப்பிடித்த கனமான கதவு. அவருக்குத் தள்ளத் தெரியவில்லை. நெஸ்டா உதவ வரவில்லை. நானும் போகவில்லை. போயிருந்தால் மேடம் என்னை மன்னித்திருக்க மாட்டார்.

கதவைத் திறந்த பிறகு மேடம் அவள் எதிரில் வந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். எதையும் அழகுபடுத்தவில்லை. நெட் இந்த வாரமே வீட்டுக்கு வருவான் என்றார். தன் மேல்தான் தப்பு என்றார். நெஸ்டா பின் சீட்டில் தலை குனிந்திருந்த ரோலண்டைப் பார்த்தாள். என் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்தாள். எட்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"அந்தப் படம் எங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தும். அப்படித்தானே?"

"ஆமா."

"எட்டு வாரமா அது எங்கே இருந்துச்சு?"

"என் ஆபீஸ்ல."

"பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருந்தீங்களா?"

"இல்ல. சுவர்ல மாட்டியிருந்தேன்."

"தினமும் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன்."

நெஸ்டா தலையை ஆட்டினாள். வேறெதுவும் கேட்கவில்லை. நாங்கள் வெளியே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.